தன்மை ஒருமை

மொழிபெயர்க்க வந்தவளுக்கு விதிகள் உண்டு.
கூட்டாதே. குறைக்காதே.
எப்போதும் தன்மை ஒருமையில் பேசு.
ஆகவே ஸ்காபரோவின் பாதி வைத்தியசாலைகளில்
என் கருப்பையை எடுத்துவிட்டார்கள்,
என் மகன் பள்ளிக்கூடம் போக மறுக்கிறான்,
குளியலறையில் விழுந்து
நான் இடுப்பை முறித்துக்கொண்டேன், இரண்டு தரம்.

பெயர் சொல்லக் கூடாது என்பதும் விதிதான்.
குக்கர்காரர் என்று வைத்துக்கொள்வோம்:
மாசி மாதம், ஆறு நாள் நித்திரை இல்லாமல்,
கடன் அட்டையில் பதினொரு ரைஸ் குக்கர் வாங்கி
அடுக்குமாடியில் தன் தளத்தின்
பதினொரு கதவுகளிலும் வைத்துவிட்டு வந்தவர்.
பங்குனியில் கட்டிலை விட்டு எழும்பவில்லை.
ஏற்றத்தில் இறங்கவும் போத்தல்,
இறக்கத்தில் ஏறவும் அதே போத்தல்.

மார்க்கம் வீதியின் மேற்குப் பக்கக் கட்டடத்தில் சொன்னார்கள்:
முதலில் மனதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்,
குடியைப் பிறகு பார்க்கலாம்.
சொன்னேன்.
கிழக்குப் பக்கக் கட்டடத்தில்:
தொண்ணூறு நாள் குடிக்காமல் இருந்துவிட்டு வாருங்கள்,
மனதைப் பிறகு பார்க்கலாம்.
அதையும் நானே சொன்னேன்,
அதே குரலில்.
நடுவே ஆறு வழிப் பாதை,
கறுத்துப்போன பனிக்குவியல்,
கடக்க இருபத்தைந்து வினாடி தரும் விளக்கு.
ஒன்றரை வருடம் அந்த விளக்கடியில் நின்றோம்.

எது முதலில் வந்தது? இருபக்கமும் கேட்டார்கள்.
"நித்திரை வராமல் குடிச்சன்.
குடிச்சதால நித்திரை வரேல்ல.
எந்தப் பக்கத்தால வாசிச்சாலும் ஒண்டுதான்,
விகடகவி மாதிரி."
விகடகவியை ஆங்கிலத்தில் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?
வைத்தியர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

இன்னொரு நாள் படிவம் ஒன்றை வாசித்துக் காட்டினேன்:
குடிக்கு அடிமையானவர்.
கையைத் தூக்கி நிறுத்தினார்.
"அடிமை எண்டு போடாதேங்கோ தங்கச்சி.
அடிமைக்குச் சம்பளம் இல்லை.
எனக்கு அது ஒவ்வொரு இரவும் தந்தது,
தலைக்குள்ள ஒருத்தரும் கதைக்காத நாலு மணித்தியாலம்."
கூட்டவில்லை, குறைக்கவில்லை.
எனக்கு அது தந்தது என்று
ஆங்கிலத்தில் என் வாய் சொன்னது.
அன்று வீட்டுக்குப் போய்
உடுப்பு மாற்றி, சோறு வடித்து,
படர்க்கைக்குத் திரும்ப இரவு பத்து மணியானது.

மூன்றாவது இடம்
பல் வைத்தியருக்கும் பணம் அனுப்பும் கடைக்கும் நடுவில்.
பெயர்ப்பலகைகூட இன்னும் மாட்டவில்லை.
ஒரு மேசை. ஒரே கோப்பு.
வைத்தியர் ஒகாஃபோரும் தாதி மரிசோலும்
ஒருவர் பேச்சை மற்றவர் முடித்துவைக்கும் பழக்கம்.
எது முதலில் என்று கேட்கவில்லை.
கையை நீட்டச் சொன்னார்கள்.
விரல்கள் நடுங்கின.
"இதில் கொஞ்சம் லித்தியத்தால்,
கொஞ்சம் குடியைக் குறைத்ததால்.
இரண்டையும் இங்கேயே பார்ப்போம்."
சொன்னேன்.
"திருப்பிச் சொல்லுங்கோ."
இரண்டையும் இங்கேயே.
"அப்ப றோட்டைக் கடக்கத் தேவையில்லையோ?"
அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்,
முன்பல் ஒன்று இல்லை.

வைகாசியில் ஒருதரம் குடித்தார்.
மூன்று நாள். தானே வந்து சொன்னார்.
ஆங்கிலத்தில் அதை நான் சொல்லும்போது
என் கண் கதவைப் பார்த்தது,
எத்தனை கதவு சாத்துவதைப் பார்த்த கண்.
மரிசோல் திகதியைக் குறித்தாள்,
இரத்தம் எடுத்தாள்,
நித்திரை எப்படி என்று கேட்டாள்,
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு
அடுத்த செவ்வாய் வருவீர்களா என்றாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தலையை ஆட்டினாரா,
பஞ்சைப் பார்க்கக் குனிந்தாரா,
எனக்குத் தெரியாது.
கூட்டாதே என்பதுதான் முதல் விதி.

வருவேன் என்றேன்.